பூச்சிமருந்துப் புட்டியின் எச்சரிக்கை: யார் பொறுப்பு?

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் சம்பாப் பயிரில் இலைச்சுருட்டுப் புழுவோ புகையானோ தென்பட்டால் உழவர் பெருமக்கள் முதலில் செல்வது மருந்துக் கடைக்குத்தான். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் புட்டியை வாங்கிக்கொண்டு, "டேங்குக்கு எத்தனை மூடி?" என்று கேட்டுத் திரும்பி விடுகிறோம். புட்டியில் ஒட்டியுள்ள லேபிளைப் படிப்பவர் சிலரே. எழுத்துகள் மிகப் பொடியாக இருப்பதும் இதற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மருந்தால் பயிருக்கோ ஆளுக்கோ கேடு நேர்ந்தால், பொறுப்பு கம்பெனியுடையதா நம்முடையதா என்பதைப் பெரும்பாலும் அந்த லேபிளே முடிவு செய்கிறது.

1958-ஆம் ஆண்டு கேரளத்தில் பாரத்தியான் என்னும் கொடிய மருந்து கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உணவோடு நஞ்சையும் ஒன்றாக ஏற்றி வந்ததன் விளைவு அது. அதன் பின்னர் நடந்த விசாரணையின் தொடர்ச்சியாகவே 1968-இல் பூச்சிக்கொல்லிகள் சட்டமும், 1971-இல் அதற்கான விதிகளும் வந்தன.

மனிதருக்கும் கால்நடைக்கும் ஆபத்து வராமல் தடுக்கப் போதுமான எச்சரிக்கை லேபிளில் இல்லாவிட்டால், அம்மருந்து 'தவறான முத்திரையிட்ட' மருந்தாகும் என்று இச்சட்டம் கூறுகிறது. புட்டிக்குள் இருக்கும் சரக்கு முதல் தரமானதாக இருந்தாலும் எச்சரிக்கை குறைந்தால் அது குற்றமே. அத்தகைய மருந்தை உற்பத்தி செய்வதும் விற்பதும் தண்டனைக்குரியவை. உரிமம் பெற்ற இடத்திலிருந்து வாங்கி, வந்தபடியே வைத்திருந்து, குறையை அறிய வழியில்லாமல் விற்ற கடைக்காரர் தப்பிக்க இடமுண்டு. தயாரித்தவருக்கு அந்த வழி இல்லை.

லேபிளில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது. மண்டை ஓட்டுச் சின்னமும் இதில் உண்டு. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சையும் நஞ்சுதான். எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளுக்கும் புரிய வேண்டும் என்றே நிறம் வைத்தார்கள். லேபிளும் உள்ளே வைக்கும் துண்டுப்பிரசுரமும் இந்தி, ஆங்கிலத்தோடு விற்பனையாகும் பகுதியின் மொழியிலும் இருத்தல் வேண்டும். 'தீங்கற்றது', 'நஞ்சில்லாதது' என்றெல்லாம் அச்சிடுவதை விதிகள் தடை செய்கின்றன. 'சொன்னபடி பயன்படுத்தினால்' என்று சேர்த்துக்கொண்டாலும் கூடாது.

கம்பெனியை வழக்கில் நிறுத்த முடியுமா என்று கேட்கலாம். அமெரிக்காவில் டெக்சஸ் மாநில மணிலா விவசாயிகள் செய்து காட்டினர். மணிலா பயிராகும் எல்லாப் பகுதிக்கும் ஏற்றது என்று லேபிளில் கண்ட களைக்கொல்லியை 2000-ஆம் ஆண்டுப் பருவத்தில் தெளித்தார்கள். களர் அமில நிலை 7-ம் அதற்கு மேலும் உள்ள மண்ணில் பயிர் குன்றிப் போயிற்று என்பது அவர்கள் முறையீடு. மறு ஆண்டே கம்பெனி அந்நிலை 7.2-ம் அதற்கு மேலும் உள்ள மண்ணில் தெளிக்க வேண்டாம் என்று லேபிளைத் திருத்தியது. லேபிளை அரசு ஏற்றுப் பதிவு செய்திருந்தாலும் விவசாயி இழப்பீடு கேட்பதை அதுவே தடுத்துவிடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. விருத்தாசலம் பக்கத்து மல்லாட்டைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இவ்வழியைத் திறந்துள்ளது. சரியாகப் பயன்படுத்தும் முறையையும் தவறாகப் பயன்படுத்தினால் வரும் ஆபத்தையும் போதிய அளவில் சொல்லாத தயாரிப்பாளர் விளையும் தீங்குக்குப் பொறுப்பாவார். பிழைப்புக்காக உழவு செய்பவர் நுகர்வோரே என்பதை 2012-இல் ஒரு விதை வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இழப்பு நேர்ந்த இரண்டு ஆண்டுக்குள் கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம்.

அதே சட்டத்தில் நமக்குப் பாதகமான இடங்களும் உள்ளன. மருந்தை முறைகேடாகப் பயன்படுத்தியிருந்தால் கம்பெனி தப்பிவிடும். லேபிளில் இல்லாத பயிருக்கு அடிப்பதும், இரண்டு மூன்று மருந்துகளைத் தம் போக்கில் கலப்பதும் அக்கட்சியை வலுப்படுத்தும். மதுபோதையில் தெளித்தவர் எச்சரிக்கை போதவில்லை என்று வழக்காட முடியாது. இன்னொன்று பலருக்குத் தெரியாது. வேலையிடத்தில் பயன்படுத்த முதலாளி வாங்கிய பொருளுக்கு, அவரிடம் எச்சரிக்கை கொடுத்தாயிற்று என்றால் தயாரிப்பாளர் விலகிக்கொள்ளலாம். ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு கூலிக்கு ஆள் வைத்து மருந்தடிப்பவரையும் முதலாளி என்றே வாதிடுவார்கள். ஆகவே லேபிளை அந்த ஆளுக்குப் படித்துச் சொல்வதும், கையுறை, முகமூடி கொடுப்பதும் நம் கடமையாகிறது.

2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்ட சில குடும்பத்தினர் ஒரு கம்பெனியின் மீது அதன் தலைமையகமுள்ள சுவிட்சர்லாந்தில் வழக்கிட்டனர். தன் மருந்துதான் காரணம் என்பதைக் கம்பெனி மறுத்தது. எந்த மருந்து என்ற கேள்வியே முதல் தடையாக நிற்கும் என்பது இதிலிருந்து விளங்கும்.

எனவே தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் குறித்த ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். கடன் கணக்கில் வாங்கினாலும் ரசீதை விடலாகாது. பயிர் கருகினால் மீதி மருந்தை அதே புட்டியில் மூடி வைத்து, வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் செய்து, ஒப்புதல் பெற்றுக்கொள்க. வயலைப் பார்வையிட்டு அறிக்கை தருமாறும் கேட்க வேண்டும். ஆளுக்கு மயக்கமோ வாந்தியோ கண்டால் கைவைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாமல், அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ கொண்டு செல்ல வேண்டும். புட்டியையும் கையோடு எடுத்துச் செல்க. எந்த மாற்று மருந்து கொடுப்பது என்று மருத்துவர் பார்ப்பதும் அந்த லேபிளில்தான்.