கன்ட்ரோலர் தானாக ஓடினால் யாரைக் கேட்பது?

2025 ஜூன் 5 அன்று நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கடைக்கு வந்தது. அதன் கன்ட்ரோலரான ஜாய்-கான் 2 பற்றி ஆட்டக்காரர்கள் இரண்டுபட்டுப் பேசினார்கள். காந்தத்தால் டக்கென்று ஒட்டிக்கொள்கிறது, பழையதைவிடப் பெரிதாகக் கைக்கு அடக்கமாக இருக்கிறது என்றது ஒரு தரப்பு. பக்கவாட்டில் மேசைமேல் நிறுத்தினால் மவுஸாகவும் நகர்த்தலாம் என்பதைச் சிலர் கொண்டாட, இவ்வளவு ஒல்லியான மவுஸைப் பிடித்தால் கை வலிக்காதா என்று மற்றவர்கள் முகம் சுளித்தார்கள்.

இந்தக் குறைநிறைகளைக் கையில் எடுத்துப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். வாங்குபவர் ஏமாறும் இடம் வேறு.

2017 மார்ச்சில் முதல் ஸ்விட்ச் வந்தபோதும் பொத்தான்கள் சிறியவை, இடப்பக்கம் சிலுவை வடிவப் பொத்தான் இல்லை, கைப்பட்டையைத் தலைகீழாகச் செருகினால் கழற்ற முடியவில்லை என்றெல்லாம் புலம்பல் எழுந்தது. இடது ஜாய்-கானின் இணைப்பு அடிக்கடி அறுந்ததும் அம்பலமானது. அதை நிறுவனம் சரிசெய்து கொடுத்தது. ஆனால் பிற்பாடு பெரும் வழக்காக வெடித்த கோளாறு அந்த முதல் வாரங்களில் யார் கண்ணிலும் படவில்லை. விரல் வைக்காமலேயே திரையில் பாத்திரம் தானாக நடக்கும் அதைத்தான் 'ட்ரிஃப்ட்' என்கிறார்கள்.

காரணம் எளியது. ஸ்டிக்கின் அடியில் கார்பன் பூசிய ஒரு தடம். அதன்மேல் உரசி நகரும் ஓர் உலோக நாக்கு. பழைய ரேடியோவின் வால்யூம் திருகுக்குள் இருப்பதும் இதே ஏற்பாடுதான். உரச உரசப் பூச்சு தேயும், தூள் சேரும், கன்ட்ரோலர் தவறான அளவை அனுப்பும். காந்தப்புலத்தை அளக்கும் ஹால் சென்சாரில் உரசலே கிடையாது. ஸ்விட்ச் 2-இல் அது இல்லை என்று நிறுவனமே சொல்லிவிட்டது. மவுஸ் வசதியைப் பற்றி இத்தனை வாதம் நடந்த இடத்தில் இதற்குத்தான் முதலிடம் தந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

2019 ஜூலையில் அமெரிக்காவில் ட்ரிஃப்டுக்காகக் கூட்டு வழக்கு பாய்ந்தது. அந்த மாதமே அங்கே இலவசப் பழுதுபார்ப்பு தொடங்கியது. ஆனால் வழக்கு நிலைக்கவில்லை. கன்சோலை முதன்முதலாக இயக்கும்போது நாம் படிக்காமல் தட்டுகிற 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானுக்குள் தகராறு நடுவரிடமே போக வேண்டும் என்ற விதி இருந்தது. 2020-இல் நீதிமன்றமும் அப்படியே திருப்பிவிட்டது. ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சேர்ந்து நின்றன. 2021 ஜனவரியில் பியூக் என்ற கூட்டமைப்பு ஏறத்தாழ 25,000 புகார்களைத் திரட்டி ஐரோப்பிய ஆணையத்திடம் போனது. 2023-இல் அங்கே உத்தரவாதக் காலம் முடிந்த பிறகும், தேய்மானமே காரணமாக இருந்தாலும், ஸ்டிக் கோளாறை இலவசமாகச் சரிசெய்வதாக நிறுவனம் அறிவித்தது. பொருள் ஒன்றுதான், சட்டமும் விடாப்பிடியும் வேறு.

இந்தியாவில் எந்த நிறுவனத்தின் கன்ட்ரோலரானாலும் கைகொடுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நடுவர் விதியைக் காட்டி நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்க முடியாது என்று 2018-இல் எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அது வில்லா வீடு வாங்கியதில் எழுந்த தகராறு. தத்துவம் கன்ட்ரோலருக்கும் பொருந்தும். கன்சோல் வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆனால் பில் வேண்டும். வரி மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்கும் இறக்குமதிச் சரக்கில் கெஞ்சல்தான் மிஞ்சும், உரிமை மிஞ்சாது. ஸ்டிக் தானாக நகர்ந்தால் முதலில் செட்டிங்ஸில் உள்ள அளவுத்திருத்தத்தைச் செய்து பாருங்கள். சரியாகாவிட்டால் தேதி தெரிகிற மாதிரி வீடியோ எடுத்துவையுங்கள். வீடியோ பார்த்து நாமே பிரித்து ஸ்டிக் மாற்றும் ஆசை வரும்; உத்தரவாதம் இருக்கும்வரை ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள், 'நீங்கள்தான் கெடுத்தீர்கள்' என்று கைகழுவ அதுவே சாக்காகும். கடைக்காரருக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். கைபேசியில் பேசியது எங்கும் நிற்காது.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட ஆணையம். மனுவை இணையவழியிலேயே தாக்கல் செய்யலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.