கிழக்குக் கடலோரம் வால்நட்சத்திரம் தேடுவோர்க்கு

2024 அக்டோபர் 2 மகாளய அமாவாசை. முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் விடியுமுன்பே கூட்டம் சேரும் நாள். அதே விடியலில், ஏறக்குறைய நேர் கிழக்கே, கடல்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு வால்நட்சத்திரம் நின்றது. சுசின்ஷான்–அட்லஸ் என்று பெயர். ஐந்து நாள் முன்பு, செப்டம்பர் 27 அன்றுதான், அது சூரியனைச் சுமார் 5.9 கோடி கிலோமீட்டர் தொலைவில் சுற்றித் திரும்பியிருந்தது. அன்று நிலவொளி இல்லை. பார்வையை மறைக்கக் கிழக்கே மலையோ மரமோ கட்டடமோ இல்லை. வெறுங்கண்ணால் பார்க்கும் அளவுக்கு ஒளியுள்ள வால்நட்சத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாளும் இடமும் கூடிவருவது அரிது. ஆனாலும் எந்த நேரத்தில், எவ்வளவு உயரத்தில், எந்த உருவத்தைத் தேடுவது என்று தெரியாவிட்டால், எதிரே நின்றாலும் கண்ணில் படாது. ராமநாதபுரம் மாவட்டக் கரையில் நின்று அடுத்த வால்நட்சத்திரத்தைத் தேடப்போகிறவர்களுக்காக அந்த விவரங்களைச் சொல்கிறேன்.

வால்நட்சத்திரம் நட்சத்திரமே அல்ல. பனியும் தூசியும் இறுகிய, பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலமே உள்ள கட்டி அது. சூரியனுக்குத் தொலைவில் இருக்கும்வரை கருத்துக் குளிர்ந்து கிடக்கும். அருகே வரும்போது பனி ஆவியாகிச் சீறி வெளியேறும். தூசியும் கூடவே கிளம்பும். அந்த ஆவியும் தூசியும்தான் நாம் காணும் தலையும் வாலும். ஆகவே அது மிகவும் ஒளிர்வது சூரியனை நெருங்கியிருக்கும் நாட்களில். சூரியனை நெருங்கியிருப்பதாலேயே நள்ளிரவில் தலைக்கு மேலே வராது. சூரியன் உதிக்கும் முன் கிழக்கிலோ, மறைந்த பின் மேற்கிலோ சிறிது நேரம் தலைகாட்டிப் போகும். சுசின்ஷான்–அட்லஸ் இரண்டையும் செய்தது: அக்டோபர் முதல் வாரம்வரை விடியலில், பிறகு சூரியன் இருக்கும் திசையைக் கடந்து, அக்டோபர் 12 வாக்கில் பூமிக்குச் சுமார் 7 கோடி கிலோமீட்டர் தொலைவில் வந்தபோது மாலை வானில்.

வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும். விடியலில் சூரியன் கடலுக்குக் கீழே இருப்பதால் வால் மேல்நோக்கி நிற்கும். அதனால் முதலில் எழுவது வால், பிறகுதான் தலை. நீளமான வால் உள்ளதாக இருந்தால், தலை கடலுக்கு மேலே வருமுன்பே மங்கலான ஒரு வெள்ளைக் கீற்று செங்குத்தாக எழுவதைக் காணலாம். இதை அறிந்தவர் சற்று முன்னதாகவே போய் நிற்பார்.

இந்தக் கரைக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. ராமேசுவரம் வடக்கு அட்சரேகை 9 டிகிரிக்குச் சற்று மேலே, நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. இங்கே சூரியனும் விண்மீன்களும் கிழக்கில் சாய்ந்து ஊர்ந்து ஏறுவதில்லை. ஏறத்தாழ நேர்மேலாக, 4 நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் ஏறும். எனவே இருட்டு கடைசிவரை இருட்டாகவே இருந்து, பிறகு மளமளவென்று வெளுக்கும். சூரிய உதயத்துக்குச் சுமார் 70 நிமிடம் முன்புதான் கீழ்வானம் வெளுக்கத் தொடங்குகிறது. லண்டனில் இதே வெளுப்பு மார்ச், செப்டம்பர் மாதங்களிலேயே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நீளும். ஜூனில் முழு இருட்டே வராது. சூரியனை ஒட்டி நிற்கும் ஒரு பொருளைத் தேடுகிறவருக்கு நம் கரை கொடுத்துவைத்த இடம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வால்நட்சத்திரம் சூரியனிலிருந்து 20 டிகிரி விலகி, அதற்கு நேர்மேலே இருப்பதாகக் கொள்வோம். சூரியனுக்குச் சுமார் 80 நிமிடம் முன்னதாக அது உதிக்கும். உதித்தவுடன் தெரியாது, கடல்மட்டத்தை ஒட்டிய காற்றும் ஈரமும் புழுதியும் அதை விழுங்கிவிடும். தலைக்கு மேலே பார்க்கும்போது நாம் ஊடுருவும் காற்றைப்போல, 5 டிகிரி உயரத்தில் சுமார் 10 மடங்கு, 10 டிகிரி உயரத்தில் ஐந்தரை மடங்கு காற்றை ஊடுருவிப் பார்க்கிறோம். சூரியன் உதிக்க 60 நிமிடம் இருக்கும்போது வால்நட்சத்திரம் 5 டிகிரி ஏறியிருக்கும். 40 நிமிடம் இருக்கும்போது 10 டிகிரி. அதற்குள் வானமும் வெளுத்துவிடும். இந்த இரண்டுக்கும் இடையிலும் அதை ஒட்டியுமான அரை மணி நேரம்தான் நமக்குக் கிடைப்பது. அக்டோபர் தொடக்கத்தில் ராமேசுவரத்தில் உதயம் 6 மணியளவில். அப்படியானால் 5 மணி முதல் 5.30 வரை. ஜனவரியில் உதயம் 6.30-ஐத் தாண்டும், நேரத்தையும் அதற்கேற்பத் தள்ளிக்கொள்ள வேண்டும். உயரத்தை அளக்கக் கருவி தேவையில்லை. கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி, நடுவிரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் 5 டிகிரி, சுண்டுவிரல் 1 டிகிரி.

அடுத்தது மேகம். இதில் நம் கரைக்கு ஒரு வரலாறே இருக்கிறது.

1872 நவம்பர் 27 இரவில் ஐரோப்பாவில் எரிமீன்கள் மழையாகக் கொட்டின. பியலா என்ற வால்நட்சத்திரத்தின் பாதையைப் பூமி கடந்ததால் வந்த மழை அது. பியலா 1846-இல் இரண்டாகப் பிளந்தது; 1852-க்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலிருந்த வானியலாளர் கிளிங்கர்ஃபூயஸ் ஒரு யோசனை செய்தார்: பியலா பூமியை உரசிக்கொண்டு போயிருந்தால் இப்போது தென்வானில், சென்டாரஸ் விண்மீன் தொகுதிப் பக்கம் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து அது தெரியாது. சென்னையிலிருந்து தெரியும். உடனே நுங்கம்பாக்கத்திலிருந்த மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சனுக்குத் தந்தி கொடுத்தார்.

போக்சன் அதிகாலையில் தொலைநோக்கியின் முன் வந்து நின்றார். வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகமும் மழையும்தான் இருந்தன. மறுநாளும் அதே கதி. மூன்றாம் முயற்சியில், டிசம்பர் 2 காலை 5 மணியைத் தாண்டிய வேளையில், மேகத்தில் ஓர் இடைவெளி விழுந்தது. சொல்லப்பட்ட திசையில் ஒரு வால்நட்சத்திரம் இருந்தது! அடுத்த நாள் விடியலிலும் பார்த்தார். மெல்லிய வாலும் தெரிந்தது. பிறகு வானம் மூடிக்கொண்டது. ஒரு புதிய வால்நட்சத்திரத்தின் பாதையைக் கணிக்கக் குறைந்தது மூன்று வெவ்வேறு நேரங்களில் அதன் இடத்தைக் குறித்திருக்க வேண்டும். போக்சனுக்குக் கிடைத்தவை இரண்டு விடியல்களே. அவர் பார்த்தது பியலாவாக இருக்க முடியாது என்று பின்னர் கணக்கிட்டார்கள். எது என்பது இன்றுவரை தீராத கேள்வி. இன்னொரு விடியல் தெளிவாகக் கிடைத்திருந்தால் விடையும் கிடைத்திருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

போக்சனுக்கு நேர்ந்ததுதான் அக்டோபர் முதல் டிசம்பர்வரை நமக்கும் நேரும். வாடைக்காலத்தில் கடலோரத்துக்கு மழை பெரும்பாலும் பின்னிரவிலும் அதிகாலையிலுமே வருகிறது. நாம் தேடும் கீழ்வானம் அப்போது மேகச்சுவராக நிற்கும். ஒரு நாள் ஏமாந்தால் விட்டுவிடாதீர்கள். ஒளியுள்ள வால்நட்சத்திரம் பெரும்பாலும் சில நாட்களாவது ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். ஒரே நாள் போய்ப் பார்த்துவிடலாம் என்று திட்டமிடுவதைவிட, அடுத்தடுத்து நான்கைந்து விடியல்களை அதற்கென்று ஒதுக்குவதே சரியான வழி. ஜனவரி முதல் ஏப்ரல்வரையிலான விடியல்கள் இங்கே பெரும்பாலும் தெளிவானவை.

நிலவையும் பாருங்கள். தேய்பிறையில் நிலவு விடியும்வரை வானில் இருக்கும். அமாவாசை தொடங்கி வளர்பிறை ஏகாதசிவரை விடியுமுன் நிலவு மறைந்துவிடும். விடியல் வால்நட்சத்திரத்துக்கு அந்த நாட்களே உகந்தவை. ஆனால் அமாவாசைகளில்தான் அக்னி தீர்த்தத்தில் கூட்டமும் விளக்கும் அதிகம். தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் சொல்லவே வேண்டாம். அன்று அங்கே நிற்காமல் கோயில் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் விழும்படி விலகிப் போவது நல்லது.

எங்கே போவது? எல்லோரும் முதலில் சொல்வது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் அழித்த ஊர் அது. அரிச்சல்முனையில் சுற்றிலும் கடல். வானம் பார்க்க அருமையான இடம்தான். ஆனால் இரவில் சுற்றுலாப் பயணிகளை அங்கே விடுவதில்லை. சோதனைச்சாவடி திறக்கும்போது வானம் வெளுத்திருக்கும். தடையை மீறிப் போக நினைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் கடல் கொந்தளிக்கும் இடம் அது. தேவிபட்டினமும் தொண்டியும் பாக் நீரிணையைப் பார்த்தபடி கிழக்கு நோக்கிய கரைகள்; அங்கே ஊர் விளக்குகளை விட்டுச் சற்றுத் தள்ளி நின்றாலே போதும். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் கரை தெற்கு பார்த்தது. சூரியன் தென்கிழக்கில் உதிக்கும் டிசம்பர், ஜனவரியில் வரும் வால்நட்சத்திரத்துக்கு அந்தக் கரை உதவும்; ஜூன், ஜூலையில் உதவாது.

கடலிலும் வெளிச்சம் உண்டு. விசைப்படகுகளின் விளக்குகள் தொடுவானில் வரிசையாக நிற்கும்போது, அவற்றின் மேலேயே ஒரு மங்கலான பொருளைத் தேடுவது கடினம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கிழக்குக் கடல் ஆண்டிலேயே இருண்டு கிடக்கும் காலம் அதுதான்.

சரி, கண்ணுக்கு என்ன தெரியும்? இதழ்களிலும் செல்போனிலும் பார்க்கும் பச்சைத் தலையும் நீல வாலும் கேமரா ஒளியைச் சேர்த்துவைத்து எடுத்தவை. வெறுங்கண்ணுக்கு நிறம் தெரியாது. சாம்பல் வெள்ளையில், ஓரம் தேய்ந்த ஒரு புள்ளியும் அதிலிருந்து மேலே மங்கும் கீற்றும் தெரியும். அது ஓடாது. எரிமீனைப்போலப் பாய்ந்து மறையும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் பலர். வால்நட்சத்திரம் விண்மீன்களோடு சேர்ந்து மெல்ல ஏறும், அவ்வளவுதான். விடிவெள்ளி கூர்மையாகப் பளீரென்று இருக்கும், அதோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. குழப்புவது விமானம் விட்டுச்செல்லும் புகைக்கோடு. சூரிய ஒளி அதன்மேல் படும்போது அசல் வால் போலவே தோன்றும். ஐந்து நிமிடம் பொறுங்கள், கோடு வளைந்து கலைந்துவிடும். செப்டம்பர், அக்டோபர் விடியல்களில் கிழக்கே அகன்ற கோபுரமாக ஒரு மெல்லிய ஒளியும் எழும். கோள்களுக்கு இடையே பரவிக்கிடக்கும் தூசியில் சூரிய ஒளி பட்டுச் சிதறுவதால் வருவது அது. வால்நட்சத்திரத்தின் வால் அதைவிட மிகக் குறுகியது.

செய்தியில் 'இரண்டாம் அளவு ஒளி' என்று போட்டிருந்தால், துருவ நட்சத்திரத்தின் அளவு பளிச்சென்று தெரியும் என்று எண்ண வேண்டாம். அந்த ஒளி முழுவதும் ஒரு புள்ளியில் குவியாமல் தலையின் பரப்பு முழுக்கப் பரவியிருக்கும். பாதியைக் கீழ்வானக் காற்றே தின்றுவிடும். ஒரு பைனாகுலர் இருந்தால் கதையே மாறிவிடும். 7×50 அல்லது 10×50 போதும். தொலைநோக்கி வேண்டாம், அதன் பார்வைப் பரப்பு குறுகியது. கடல்மட்டத்தில் தொடங்கி இடம் வலமாக மெதுவாக நகர்த்தி, ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது மேலே ஏற்றிக்கொண்டு போங்கள். உப்புக்காற்றின் ஈரம் கண்ணாடியில் படியும். மென்துணி கையில் இருக்கட்டும். செல்போனைச் சுவரிலோ கல்லிலோ சாய்த்து இரவுப் படமுறையில் சில விநாடி எடுத்தால், கண்ணுக்குத் தப்பியது படத்தில் தெரிவதுண்டு. அதன் திரை வெளிச்சம் மட்டும் கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுத்துவிடும். அந்தப் பழக்கம் வர 20 நிமிடமாவது ஆகும்.

கட்டாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று. உதயத்துக்கு 15 நிமிடம் முன்பே பைனாகுலரை உறைக்குள் வைத்துவிடுங்கள். தேடும் இடமும் சூரியன் வரும் இடமும் ஏறக்குறைய ஒன்றே. சூரியனின் விளிம்பு ஒரு கணம் பைனாகுலருக்குள் விழுந்தாலும் கண்பார்வை போய்விடக்கூடும். குழந்தைகள் கையில் கொடுத்துவிட்டு அப்பால் போகாதீர்கள்.

வால்நட்சத்திரம் தீங்கு கொண்டுவரும் என்ற அச்சம் மிகப் பழையது. பாரியின் பறம்பு நாட்டைப் பாடிய கபிலர், வானில் தூமம், அதாவது வால்நட்சத்திரம், தோன்றினாலும் அந்த நாடு வளம் குன்றாது என்கிறார். அது தோன்றினால் கேடு என்ற நம்பிக்கை அன்றே இருந்தது என்பதற்கு அந்தப் புறநானூற்றுப் பாட்டு சான்று. இன்று அச்சப்பட எதுவுமில்லை. ஏமாற்றத்துக்குத்தான் தயாராக இருக்க வேண்டும். 2013-இல் நூற்றாண்டின் பெரிய வால்நட்சத்திரம் என்று எதிர்பார்க்கப்பட்ட ஐசான், நவம்பர் 28 அன்று சூரியனை நெருங்கும்போதே சிதறிப்போனது.

அடுத்த பெரிய வால்நட்சத்திரம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலானவை சில மாதங்களுக்கோ ஓரிரு ஆண்டுகளுக்கோ முன்புதான் கண்டுபிடிக்கப்படுகின்றன. நாள் குறித்து வருவது ஹாலி. 1986-இல் வந்து போனது, 2061 ஜூலையில்தான் திரும்பும். ஆனால் அது உதிர்த்துவிட்டுப் போன தூசி ஆண்டுதோறும் மே முதல் வாரத்தில் பூமிமேல் எரிமீன்களாக விழுகிறது. மே 5, 6 தேதிகளை ஒட்டி உச்சம். கும்ப ராசிப் பக்கமிருந்து பின்னிரவு 2 மணிக்கு மேல் தொடங்கும் இந்த எரிமீன்கள் 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையே நன்றாகத் தெரியும். வடநாடுகளைவிட நமக்கு இது வசதியான காட்சி. தடைக்காலம் என்பதால் கடலும் இருண்டிருக்கும். நிலவில்லாத ஆண்டாகப் பார்த்துத் தேவிபட்டினம் பக்கம் பாயை விரித்துப் படுத்துப் பாருங்கள். பார்த்தவற்றின் நேரத்தையும் திசையையும் உயரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வால்நட்சத்திரம் வரும் விடியலில் கீழ்வானம் உங்களுக்குப் பழகிய இடமாக இருக்கும்.