புசல்லாவை: ஒரு மலையின் பற்று வரவு

கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டரில். இரண்டையும் இணைக்கும் மலைப்பாதை சுமார் 77 கிலோமீட்டர். அந்த ஏற்றத்தின் நடுவாக்கில், கம்பளையைத் தாண்டி 20 கிலோமீட்டர் போனால் புசல்லாவை. வேன்கள் இங்கே ஒரு தேத்தண்ணிக்கு நிற்கும். பிறகு றம்பொடைக்குப் பறக்கும். அங்கே அருவியின் உயரம் 109 மீட்டர். வழியில் பள்ளத்தாக்கில் விரிந்து கிடப்பது கொத்மலை நீர்த்தேக்கம்: 1985இல் திறந்த அணை, உயரம் 87 மீட்டர், நீளம் 600 மீட்டர், மின் உற்பத்தித் திறன் 201 மெகாவாட். பார்க்க வேண்டிய இடங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்த எண்களோடு மலையின் நாட்சம்பளக் கணக்கையும் சேர்த்து வாசித்தால்தான் புசல்லாவை முழுதாகத் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

தேயிலை இங்கே சீக்கிரமே வந்துவிட்டது. 1839இல் அசாம் விதைகள் பேராதனைப் பூங்காவுக்கு வந்தன. 1841இல் மொரிஸ் வோர்ம்ஸ் சீனாவிலிருந்து கொண்டுவந்த கன்றுகளைப் புசல்லாவையின் ரொத்சைல்ட் தோட்டத்தில் நட்டார். அவர் ரொத்சைல்ட் வங்கிக் குடும்பத்தின் உறவினர். தோட்டத்தின் பெயர் அப்படி வந்தது. அப்போது காசு கொழித்தது கோப்பியில்தான், அதனால் தேயிலை ஓரமாகவே நின்றது. 26 ஆண்டுகள் கழித்து, 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் வணிகப் பயிராக நட்டார். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் விழுந்தது. 1873இல் லண்டனுக்குப் போன தேயிலை வெறும் 23 இறாத்தல். 1875இல் இலங்கையில் தேயிலை நிலம் ஆயிரம் ஏக்கரைச் சற்றே தாண்டியிருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் மூன்று இலட்சம் ஏக்கர். காட்டை வெட்டி, கல் பெயர்த்து, அத்தனை ஏக்கரையும் நட்டவர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணிமாரின் பின்னே வந்தவர்கள். பயணச் செலவே அவர்கள் பெயரில் கடனாக ஏறியது. வேலைக்கு முன்னமே தொடங்கிய பற்று அது.

இப்போது ஒரு நாளின் கணக்கு. பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம். குறைந்தால் அரைப் பேர், அல்லது கிலோவுக்கு இவ்வளவு என்று காசு. அடிப்படை நாட்சம்பளம் 2019இல் 700 ரூபாய், 2021இல் நாட்சம்பளம் 1,000 ஆயிற்று, 2024இல் 1,350. 2021க்கும் 2024க்கும் இடையே ஏற்றம் 35 வீதம். இடையில் 2022 செப்டெம்பரில் மட்டும் கொழும்பின் ஆண்டுப் பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டியது. அதாவது கூடிய சம்பளத்தைக் கடைக்காரரின் அரிசி விலை முன்னமே விழுங்கிவிட்டது. 1,350 ரூபாயை 18ஆல் வகுத்தால் கிலோ கொழுந்துக்கு 75 ரூபாய். ஒரு கிலோ என்பது விரல் நுனியில் கிள்ளும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்து சேர்ந்து நிறைவது. மழையில், அட்டைக்கடியில், செங்குத்துச் சரிவில்.

நாலரைக் கிலோ கொழுந்து காய்ந்து, அரைபட்டு, ஒரு கிலோ தூளாகிறது. ஆகவே 18 கிலோ என்பது 4 கிலோ தேயிலை. ஒரு கோப்பைக்கு 2 கிராம் வைத்தால் 2,000 கோப்பை. ஒரு பெண்ணின் ஒரு நாள் உழைப்பில் 2,000 பேர் தேநீர் குடிக்கிறார்கள். 2024 சம்பளத்தில் கோப்பை ஒன்றுக்கு அவருக்குச் சேர்ந்தது 68 சதம்.

2024இல் இலங்கை சுமார் 24.5 கோடி கிலோ தேயிலையை ஏற்றுமதி செய்து 143 கோடி டொலர் ஈட்டியது. சராசரி கிலோவுக்கு 5.8 டொலர். அந்த விலையில் 4 கிலோ 23 டொலர், ரூபாயில் ஏறக்குறைய 7,000. உரம், விறகு, மின்சாரம், ஆலைக்கூலி, பொதியிடல் எல்லாம் இதற்குள் அடக்கம். தாழ்நாட்டுத் தேயிலையும் இந்தச் சராசரியில் கலந்திருக்கிறது. அவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், கொழுந்தெடுத்தவர் கைக்கு வந்தது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2026 வரவு செலவுத் திட்டம் 1,750 ரூபாய் என்றது. அதே விலைகளில் பார்த்தால் அதுவும் நாலில் ஒன்றுதான்.

ஆட்களையே பங்கு பிரித்த கணக்கும் உண்டு. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, முடிவாகாத மிச்சம் 1,50,000. அந்த மிச்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றைக்குக் கொழுந்தெடுக்கும் குடும்பங்கள் பலவற்றின் பழைய முகவரி இந்த மலைகள்தான்.

இங்கேயே இருந்தவர்களுக்கு லயம் என்ற வரிசை வீடு. பழைய லயத்தில் ஒரு காம்பரா பெரும்பாலும் 10க்கு 12 அடி, 120 சதுர அடி. இந்திய உதவியில் கட்டும் வீடு 550 சதுர அடி, 7 பேர்ச்சஸ் காணியோடு. நான்காம் கட்டத்தில் 10,000 வீடுகள், வீடொன்றுக்கு 28 இலட்சம் ரூபாய், மொத்தம் 2,800 கோடி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மண்சரிவில் கண்டி மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. இந்தப் பாதையில் வருகிறவர்கள் மழைக்காலமென்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும். எச்சரிக்கை வந்தால் பயணி பயணத்தைத் தள்ளிப்போடலாம். சரிவுக்குக் கீழே லயத்தில் படுத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது. அந்த 10,000 வீடுகளின் பட்டியலில் முதலில் எழுத வேண்டிய பெயர்கள் அவர்களுடையவை.