பழைய பெட்டியை எடைக்குப் போடாதீர்கள்!

கடல் விலகிப் போனால் துறைமுகம் என்ன செய்யும்?

அதுவும் இடம் மாறும்!

முத்துக்குப் பேர்போன கொற்கையில் தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது. கடல் விலகியது. வணிகம் காயலுக்கு வந்தது. அங்கும் மண் மேடிட்டது. பின்னால் தூத்துக்குடி தலையெடுத்தது.

துறை மாறும்போது சரக்கும் கணக்கும் கூடவே போக வேண்டும். இது இந்தக் கரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

இப்போது வீட்டுக்குள்ளேயே அப்படி ஒரு மாற்றம். பழைய கம்ப்யூட்டரை விட்டுப் புதிய கம்ப்யூட்டருக்கு! "விண்டோஸ் 10"க்குக் கொடுத்து வந்த வழக்கமான உதவியை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு நிறுத்தியது. பல வீடுகளில் புதுப் பெட்டி வருகிறது.

தமிழைக் காணோம்!

காயல்பட்டினத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வாப்பா வெளியூரில் வியாபாரம் செய்தவர். 20 ஆண்டுக் கணக்கும், உம்மாவுக்கு எழுதிய கடிதங்களும் பழைய பெட்டியில் இருக்கின்றன. மகன் அவற்றைப் புதியதில் ஏற்றினான். திறந்தான். திகைத்தான்!

"வாப்பா, இதில் தமிழையே காணோமே!"

திரை முழுவதும் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகக் கிடந்தது. வாசலிலோ பழைய பெட்டியை வாங்க எடைக்காரர் நிற்கிறார்!

தமிழ் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. தமிழை அரபு எழுத்தில் எழுதிப் பழகிய ஊர் காயல்பட்டினம். அந்த ஏட்டை அரபு எழுத்து தெரியாதவரிடம் கொடுத்தால் படிப்பாரா? மொழி தமிழ்தான். எழுத்துதான் பிடிபடாது. இங்கும் அதே கதை!

கம்ப்யூட்டருக்கு "அ"வும் தெரியாது, "ஆ"வும் தெரியாது. எண்தான் தெரியும். முன்பு எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கு ஒரு விதமாக எண் கொடுத்தார்கள். "பாமினி" எழுத்துரு, ஆங்கில எழுத்தின் எண்களிலேயே தமிழை வைத்தது. அந்த எழுத்துரு இல்லாத பெட்டியில் ஆங்கிலம்தான் தெரியும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடியது. உலகத்துக்கே பொதுவான யூனிகோடு முறையைத் தமிழக அரசு 2010-ல் ஏற்றது.

பழந்தமிழ் நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற 1998 பொங்கலன்று "மதுரைத் திட்டம்" தொடங்கியது. அவர்களும் முதலில் வேறு எழுத்து முறையில்தான் ஏற்றினார்கள். பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். அதனால் இன்று செல்போனில்கூட அந்த நூல்களைப் படிக்க முடிகிறது.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

வீடு மாறும்போது நாற்காலியை வண்டியில் ஏற்றலாம். கிணற்றை ஏற்ற முடியுமா? புது வீட்டில் புதிதாகத்தான் தோண்ட வேண்டும். கடிதம், படம், கணக்கு எல்லாம் நாற்காலி. நகல் எடுத்தால் போதும். புரோகிராம் என்பது கிணறு. பெரும்பாலும் புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

கணக்குப் புரோகிராம் புதிய பெட்டியில் ஓடுமா என்று முதலில் பாருங்கள். ஓடாது என்றால், பழைய பெட்டியிலேயே கணக்கைத் திறந்து காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள்.

கோப்புகளுக்கு இரண்டு நகல் எடுங்கள். பழைய தமிழ் எழுத்துருக்களையும் மறக்காமல் எடுங்கள். அவற்றைப் புதிய பெட்டியில் போட்டால் கடிதம் மறுபடி தமிழ் பேசும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் புரோகிராம்களும் உண்டு. மாற்றுவது நகலையே, மூலத்தைத் தொடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. எல்லாவற்றையும் புதியதில் திறந்து, கண்ணால் படித்துப் பாருங்கள். அதுவரை எடைக்காரர் காத்திருக்கட்டும்!

அவர் தருவது இரும்புக்கு விலை. வாப்பாவின் கடிதத்துக்கு விலை ஏது?