தீயுண்ட காடு

ஆண்டு முழுவதும் மழை பொழியும் காட்டில் தீப் பற்றுமா? பற்றாது என்றே பலரும் எண்ணுவர். அங்கே நெருங்கிய கிளைகள் கதிரவன் ஒளியைத் தரையில் விழவிடா. உதிர்ந்த சருகும் ஈரத்தில் ஊறி விரைவில் மட்கிவிடும். உலகின் மூன்றாம் பெருந்தீவாகிய போர்னியோவில் இத்தகைய மழைக்காடுகள் மிகுதி. ஆயினும், அத்தீவில் இந்தோனேசியாவுக்கு உரிய கிழக்குக் கலிமந்தான் பகுதியில், 1982–83ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 35 இலட்சம் எக்டேர் நிலம் தீக்கு இரையாயிற்று. அது கேரள மாநிலத்தின் பரப்பை ஒட்டிய அளவாகும்.

இஃது எவ்வாறு நேர்ந்தது? பசிபிக் பெருங்கடலின் நீர் சில ஆண்டுகளில் இயல்பினும் மிகுதியாக வெப்பமுறும். இதனை எல் நினோ என்பர். அவ்வாறு நேர்ந்தமையால் போர்னியோவில் பல மாதங்கள் மழை பொய்த்தது. மரங்கள் இலைகளை உதிர்த்தன, சருகு உலர்ந்தது. பயிர்செய்ய நிலந்திருத்துவோர் மூட்டிய தீ கட்டுக்கடங்காமல் பரவியது. மரம் வெட்டப்பட்ட காடுகளில் எஞ்சிக் கிடந்த கிளைகள் அத்தீக்கு விறகாயின. வெட்டப்படாத பழங்காட்டினுள் தீ தரையோடு தரையாக ஊர்ந்தது. எனினும் மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் பட்டை மெல்லியது. ஆதலின், தாழ்வாக ஊர்ந்த தீயும் அவற்றைக் கொன்றது.

இவ்வாறு எரிந்த காடு மூன்று வழிகளில் மீண்டும் தழைக்கத் தொடங்குகிறது. முதலாவது, மேலே கருகிய மரங்களுள் சில அடியிலிருந்து தளிர்க்கின்றன. இரும்பை ஒத்த உறுதியுடைய உலின் மரம் இதற்குச் சான்றாகும். இரண்டாவது, மண்ணுள் உறங்கும் விதைகள் ஒளி பட்டதும் முளைக்கின்றன. வட்டக்கண்ணி இனத்து மரங்கள் இவ்வாறு முளைத்துச் சில ஆண்டுகளிலேயே நிழல் பரப்பும். இவ்வினத்து மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. மூன்றாவது, இருவாட்சி முதலிய பறவைகளும் வௌவால்களும் அண்டைக் காடுகளிலிருந்து விதைகளைக் கொணர்கின்றன.

ஆயினும், பசுமை மீண்டதும் பழைய காடு மீண்டுவிட்டதாகக் கருதலாகாது. அக்காட்டில் வானளாவ நிற்பவை குங்கிலியக் குடும்பத்து மரங்கள். அவை பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே மிகுதியாகக் காய்க்கும். அவற்றின் விதைகள் மண்ணில் உறங்கிக் காத்திருப்பன அல்ல. விழுந்த சில வாரங்களுக்குள் முளைக்கும், இன்றேல் மடியும். பெரும்பாலும் தாய்மரத்தின் அருகிலேயே விழும். இளங்கன்றுகளுக்கு நிழலும் வேண்டும். ஆகவே தாய்மரம் சிலவேனும் தப்பிப் பிழைத்திருந்தால்தான், முன்னே வளர்ந்த மரங்களின் நிழலில் அவை தலையெடுக்கும். அவை ஓங்கி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இக்கால இடைவெளியே காட்டின் உயிர்நிலை. முதற்றீயால் இறந்த மரங்கள் வீழ்ந்து விறகாகக் கிடக்கின்றன. திறந்த வெளியில் வெயிலும் காற்றும் புகுந்து தரையை உலர்த்துகின்றன. ஆதலால் ஒருமுறை எரிந்த காடு மறுமுறை எளிதில் எரியும். 1997–98ஆம் ஆண்டுகளில் மீண்டும் எல் நினோ தோன்றியது. கிழக்குக் கலிமந்தானில் முன்னையினும் பெரும்பரப்பு எரிந்தது. இரண்டாம் தீ, புதிய தளிர்களையும் இளமரங்களையும் அவை விதை தருமுன்னரே அழித்துவிடுகிறது. பன்முறை எரிந்த இடத்தை அலாங் அலாங் என்னும் உயர்ந்த புல் கைக்கொள்கிறது. அப்புல் உலர்ந்ததும் எளிதில் தீப்பற்றும். வேர்த்தண்டு மண்ணுள் இருத்தலால் தான் மட்டும் மீண்டும் முளைக்கும். மரம் அங்கே தலைதூக்குதல் அரிது.

எரிந்த காட்டைப் பயனற்ற பாழ்நிலம் என்று கருதி, எஞ்சிய மரங்களையும் வெட்டி அகற்றுவோர் உளர். அவர்கள் வெட்டுவது காட்டை மீட்கவல்ல தாய்மரங்களையே. அவற்றை விட்டுவைத்தலும், மறுதீ அணுகாமல் காத்தலும் மனிதர் செய்யத்தக்க பணிகள். எஞ்சியதைக் காடு தானே செய்துகொள்ளும்.