கோட்டைச் சுவரைச் சாய்த்தது எது?

1291-ஆம் ஆண்டின் தொடக்கம், கடும் குளிர்காலம். சிரியாவின் ஹிஸ்ன் அல் அக்ராத் மலைக்கோட்டையிலிருந்து 100 மாட்டு வண்டிகள் தெற்கு நோக்கிப் புறப்பட்டன. அவற்றில் ஏற்றப்பட்டவை தானிய மூட்டைகள் அல்ல. ஒரே ஓர் இயந்திரத்தின் கழற்றப்பட்ட பாகங்கள். அந்த இயந்திரத்துக்கு அல் மன்சூரி என்று பெயர். ஒரு வண்டிக்குப் பொறுப்பாக இருந்தவர் அபுல் ஃபிதா என்ற இளம் அதிகாரி. பின்னாளில் வரலாற்றாசிரியராகவும் புவியியல் அறிஞராகவும் புகழ்பெற்ற இவர், அந்தப் பயணத்தை எழுதி வைத்திருக்கிறார். மழையும் பனியும் விடவில்லை. குளிர் தாங்காமல் மாடுகள் செத்து விழுந்தன. குதிரையில் 8 நாளில் முடிகிற பயணம் ஒரு மாதம் இழுத்தது.

அவர்கள் சென்று சேர வேண்டிய இடம் மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள அக்கோ நகரம். இன்று அது இஸ்ரேலின் வடபகுதியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதை ஏக்கர் என்பார்கள். நாம் நிலம் அளக்கும் ஏக்கருக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1095-ல் போப் இரண்டாம் அர்பன் விடுத்த அழைப்பில் தொடங்கிய சிலுவைப் போர்கள், இந்த நகரத்தின் வாசலில்தான் முடிவுக்கு வந்துகொண்டிருந்தன.

சிலுவைப் போர் என்றதும் குதிரை வீரர்கள் வாளோடு மோதிக்கொள்ளும் காட்சிதான் நம் கண்முன் வரும். உண்மையில் திறந்த வெளியில் நடந்த பெரும் போர்கள் குறைவு. ஒரே நாள் தோல்வி ஒரு நாட்டையே பறித்துவிடும் என்பதால் இரு தரப்பும் தயங்கின. பெரும்பாலான காலம் ஒரு தரப்பு மதிலுக்கு உள்ளேயும் மறு தரப்பு வெளியேயும் காத்திருந்தது. ஆகவே கேள்வி ஒன்றுதான்: பல மீட்டர் தடிப்புள்ள கற்சுவரை, வெடிமருந்து இல்லாமல் எப்படி உடைப்பது? அதற்கு வேண்டிய ஆற்றலை எங்கிருந்து பெறுவது?

முதலில் அந்த ஆற்றல் மனிதக் கைகளிலிருந்து வந்தது. சீனாவில் தோன்றி மேற்கே பரவிய கல்லெறி பொறி ஒன்று இருந்தது. அச்சில் பொருத்திய நீண்ட மரம். அதன் நீளமான முனையில் கவண் பை, அதில் கல். குட்டையான முனையில் கயிறுகள். பலர் சேர்ந்து கயிற்றைச் சட்டென்று கீழே இழுத்தால் கல் பறக்கும். பள்ளி விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுத்தவர்களுக்கு இதன் குறை உடனே புரியும். எல்லாரும் ஒரே கணத்தில், ஒரே பலத்தோடு இழுப்பதில்லை. பத்தாவது முறை கை தளர்ந்துவிடும். ஒவ்வொரு கல்லும் ஒவ்வோர் இடத்தில் விழும்.

12-ஆம் நூற்றாண்டில் கயிறு இழுப்பவர்களுக்குப் பதிலாகக் கல்லும் மண்ணும் நிரப்பிய ஒரு பெட்டி வந்தது. ஐரோப்பியர் டிரெபுஷே என்று அழைத்த எதிரெடைப் பொறி இதுதான். சுல்தான் சலாஹுத்தீன் அய்யூபிக்காக அல் தர்சூசி என்பவர் எழுதிய போர்க்கருவி நூல், எதிரெடைப் பொறியைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய விளக்கங்களில் ஒன்று. கிணற்று ஏற்றத்தைப் பார்த்திருக்கும் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு முனையில் கட்டிய பாரம் கீழே இறங்க, மறுமுனையிலுள்ள வாளி மேலே வரும். வாளியின் இடத்தில் கல்லை வைத்து, பாரத்தைப் பல மடங்கு கூட்டினால் போதும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டியின் எடை 5,000 கிலோ, அது விழும் உயரம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிலை ஆற்றல் 5,000 × 9.8 × 4 = 196,000 ஜூல். இது முழுவதும் கல்லுக்குப் போய்ச் சேராது. மரத்தைச் சுழற்றவும், அச்சின் உராய்விலும், கல் பறந்த பிறகும் ஆடிக்கொண்டிருக்கும் பெட்டியிலும் ஒரு பங்கு போய்விடும். 40 விழுக்காடு மட்டும் சேர்ந்தால் 78,400 ஜூல். கல்லின் எடை 50 கிலோ என்றால் அது விநாடிக்கு 56 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் கிளம்பும். காற்றின் தடையை விட்டுவிட்டால், 45 பாகைக் கோணத்தில் 320 மீட்டர் போகும். மைவி அளவுள்ள, 1,000 கிலோ எடை கொண்ட ஒரு கார் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் என்ன ஆற்றலோ, ஏறக்குறைய அதே ஆற்றல் ஒரு கல்லில் இருக்கிறது.

என்னைக் கேட்டால், இந்தப் பொறியின் பெருமை வேகத்தில் இல்லை. புவியீர்ப்புக்குக் கை தளர்வதில்லை. அதே பாரம், அதே உயரம், அதே எடையுள்ள கல் என்றால், கல் ஏறக்குறைய அதே இடத்தில் போய் விழும். அதனால்தான் கல்தச்சர்கள் கற்களை உருண்டையாகச் செதுக்கினார்கள். 1265-ல் முற்றுகையிடப்பட்ட அர்சூஃப் கோட்டையின் இடிபாடுகளில் இத்தகைய உருண்டைக் கற்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன.

ஆனால் திரைப்படங்களில் வருவதுபோல் ஒரு கல் பட்டதும் மதில் பொலபொலவென்று சரிந்துவிடாது. கல் முதலில் உடைத்தது மதிலின் உச்சியை. வீரர்கள் மறைந்து நின்று அம்பு எய்யும் பல்வரிசை போன்ற அந்தச் சிறு சுவர்களுக்குப் பழந்தமிழில் ஞாயில் என்று பெயர். ஞாயில் போனால் மேலே யாரும் நிற்க முடியாது. மேலே யாரும் இல்லாவிட்டால், கீழே தோண்டுபவர்கள் நெருங்கி வரலாம்.

மதிலை உண்மையில் சாய்த்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். அடித்தளத்துக்குக் கீழே சுரங்கம் தோண்டுவார்கள். தோண்டத் தோண்ட மரத்தூண்களால் முட்டுக் கொடுப்பார்கள். பிறகு விறகை நிரப்பித் தீ வைத்துவிட்டு வெளியேறுவார்கள். தூண்கள் எரிந்ததும் சுவருக்கு அடியில் தாங்கல் இல்லை. கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அடியில் ஒரு பகுதி வெறுமையானதும் சுவரின் கீழ்ப்பக்கம் இழுபட்டு, சுண்ணாம்புச் சாந்து விரிசல் விட்டு, சுவர் தன் எடையாலேயே விழுகிறது.

1179 ஆகஸ்டில், யோர்தான் ஆற்றங்கரையில் கட்டி முடிக்கப்படாமல் இருந்த ஒரு சிலுவைப் படைக் கோட்டையைச் சலாஹுத்தீன் இப்படித்தான் பிடித்தார். யாக்கோபின் ஆற்றுத்துறை என்ற இடம் அது. முதல் தீயில் சுவர் அசையவில்லை. சுரங்கம் போதிய அளவு தோண்டப்படவில்லை. எதிரியின் உதவிப் படை வருவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். சுரங்கமோ உள்ளே நுழைய முடியாதபடி கொதித்தது. ஒரு தோல்பை தண்ணீர் கொண்டு வருபவருக்கு ஒரு தீனார் என்று சுல்தான் அறிவித்தார். தண்ணீர் ஆவியாகும்போது பெருமளவு வெப்பத்தை எடுத்துச் செல்லும் என்பது நம் பாடநூலில் உள்ளதுதான். தீ அணைந்து சூடு தணிந்ததும் மேலும் தோண்டி, மறுபடியும் தீ வைத்தார்கள். சுவர் விழுந்தது.

நெருப்பு தற்காப்புக்கும் உதவியது. 1189-ல் சிலுவைப் படையினர் அக்கோவை முற்றுகையிட்டனர். அடுத்த ஆண்டு, மதிலைவிட உயரமான மூன்று மரக் கோபுரங்களைச் சக்கரங்களில் தள்ளி வந்தார்கள். காடியில் நனைத்த தோல்கள் அவற்றைப் போர்த்தியிருந்தன. ஈரத்திலுள்ள நீர் ஆவியாகித் தீரும்வரை உள்ளிருக்கும் மரம் தீப்பற்றும் வெப்பநிலையை எட்டாது. நகரத்துக்குள் டமாஸ்கஸைச் சேர்ந்த, செம்புக் கொல்லர் ஒருவரின் மகன் இருந்தார். இப்னுல் அதீர் தரும் விவரப்படி, அவர் முதலில் நாஃப்தா எண்ணெய் நிரம்பிய பானைகளைத் தீ வைக்காமலேயே எறியச் செய்தார். எதுவும் எரியாததைக் கண்டு கோபுரத்தின் மேலிருந்தவர்கள் கேலி செய்து ஆடினார்கள். எண்ணெய் எங்கும் ஊறிய பிறகுதான் நெருப்புப் பானை வந்தது. நாஃப்தாவின் ஆவி எளிதில் பற்றக்கூடியது. ஈரத்தோலின் காவல் அதனிடம் செல்லவில்லை. மூன்று கோபுரங்களும் ஆட்களோடு எரிந்தன. அந்த இளைஞர் பரிசு எதையும் ஏற்கவில்லையாம்.

இருந்தும் நகரம் தப்பவில்லை. கற்கள் ஓயாமல் விழுந்தன, சுரங்கங்கள் நெருங்கின, உணவும் தீர்ந்தது. 1191 ஜூலை 12-ல் அக்கோ சரணடைந்தது. அடுத்த மாதம், இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டின் ஆணைப்படி ஏறக்குறைய 2,700 கைதிகள் கொல்லப்பட்டனர்.

சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 100 வண்டிகளில் வந்த அல் மன்சூரி அதே நகரத்தின் முன்னே பூட்டப்பட்டது. இம்முறை உள்ளே சிலுவைப் படையினர், வெளியே மம்லூக் சுல்தான் அல் அஷ்ரஃப் கலீல். ஏப்ரலில் கல்மழை தொடங்கியது. அதன் மறைவில் தோண்டுபவர்கள் வேலை செய்தார்கள். மே 18-ல் நகரம் வீழ்ந்தது. கடலோரத்தில் இருந்த டெம்ப்ளர் வீரர்களின் கோட்டை மட்டும் மேலும் பத்து நாள் தாக்குப்பிடித்தது. அதன் அடியிலும் சுரங்கம் போனது. மே 28-ல் சுவர் பிளந்ததும் மம்லூக் வீரர்கள் உள்ளே பாய்ந்தார்கள். அந்த நேரத்தில் கட்டடம் முழுவதும் சரிந்து, உள்ளே இருந்தவர்களும் உள்ளே பாய்ந்தவர்களும் ஒரே இடிபாட்டில் புதைந்தார்கள்.