கார் துடைக்க எந்தத் துணி? கழுவ எந்த சோப்பு?



நம்ம தண்டலத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் கார்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. அவற்றையொட்டி உதிரிபாகக் கம்பெனிகள், வாடகைக் கார் ஸ்டாண்டுகள், வாட்டர் சர்வீஸ் கடைகள் என்று வரிசையாக வந்துவிட்டன. இங்கெல்லாம் துடைக்கத் துணியும் கழுவ சோப்பும் தினமும் வேண்டும். ஆகவே நம் குழுக்களில் இந்தத் தொழிலுக்குக் கடன் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எந்தத் துணி, எந்த சோப்பு என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

டிரைவர் அண்ணன் ஒருவர், "பழைய பனியனை விட்டா வேற எதுவும் சரிப்படாதும்மா" என்றார். வாட்டர் சர்வீஸ் தம்பி, "மைக்ரோஃபைபர் இல்லாம வண்டியத் தொடவே மாட்டேன்" என்றான். எங்கள் குழுவின் மூத்த அக்காவோ, "நாலு முறை துவைச்ச வேட்டிக்கு மிஞ்சின துணி உண்டா?" என்று கேட்டார். மூவரில் யார் சொல்வது சரி?

எங்கள் குழு பட்ட பாடு

இதைக் கேட்காமலே நாங்கள் தொழிலில் இறங்கினோம். உள்கடன் எடுத்து பனியன் வேஸ்ட் வாங்கி, பிரித்து, கிலோ கணக்கில் கட்டி ஒரு கம்பெனிக்குக் கொடுத்தோம். முதல் லோடு போனது. இரண்டாவது லோடு முழுதும் திரும்பி வந்துவிட்டது. ஏதோ ஒரு துண்டில் இரும்புக் கொக்கி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததாம். ஒரு கொக்கிக்காக எல்லா மூட்டையும் நஷ்டம். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. கடன் தவணையை எல்லோரும் பகிர்ந்து கட்டினோம். பிறகுதான் விசாரித்துக் கற்றுக்கொண்டோம்.

கீறல் எப்படி விழுகிறது?

கார் பெயிண்டில் பல அடுக்குகள் உண்டு. நிறத்துக்கு மேலே கண்ணாடி போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். அதன் கனம் ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவுதான். துணி மெத்தென்று இருந்தாலும், இடையில் மண் சிக்கினால் அது உப்புத்தாள் வேலை செய்யும். வெயிலில் பார்த்தால் வட்டம் வட்டமாகக் கோடு தெரியும். இதனால்தான் முதலில் தண்ணீர் விட்டு மண்ணை இறக்க வேண்டும், பிறகே துணி வைக்க வேண்டும். காய்ந்த தூசியை எந்தத் துணியால் துடைத்தாலும் தப்புதான்.

ஒவ்வொரு துணிக்கும் ஓர் இடம்

பனியன் வேஸ்ட்: விலை குறைவு, எண்ணெயை நன்றாக இழுக்கும். எஞ்சின், சக்கரம், மெஷின் துடைக்க இதுவே போதும். பெயிண்டுக்கு வேண்டாம். தையல், எலாஸ்டிக், பட்டன், கொக்கி எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டே கட்ட வேண்டும்.

பழைய வேட்டி, சேலை: கண்ணாடிக்கும் வண்டியின் உள்பக்கத்துக்கும் நல்லது. ஜரிகைக் கரை இருந்தால் கட்டாயம் வெட்டிவிடுங்கள்.

பூத்துவாலை: ஈரம் நன்றாக உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது பஞ்சு விடும். இரண்டு மூன்று தடவை துவைத்த பிறகு கொடுக்கலாம்.

மஞ்சள் துணி: கழுவிக் காய்ந்த வண்டிக்குப் பாலிஷ் ஏற்ற நல்லது. தூசி தட்ட இதையே எடுப்பதுதான் பலர் செய்யும் தவறு.

மைக்ரோஃபைபர்: பாலியஸ்டரும் நைலானும் சேர்ந்தது. இழை மிக நுண்ணியது, ஆகவே தூசியைத் தள்ளாமல் தனக்குள் வாங்கிக்கொள்ளும். பெயிண்டுக்கு ஏற்றது இதுதான். ஆனால் கீழே விழுந்த துணியைத் துவைக்காமல் திரும்பத் தொடக் கூடாது. பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். வாசனைக் கண்டிஷனர் போட்டால் உறிஞ்சும் சக்தி குறையும். வாங்கும்போது ஜி.எஸ்.எம். எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே அது. எண் கூடக் கூட துணி தடிமனாக இருக்கும்.

ஆக, மூன்று பேர் சொன்னதும் சரிதான். அவரவர் துடைக்கும் இடம் வேறு, அவ்வளவுதான்!

சோப்பில் என்ன சண்டை?

துணிப் பவுடரும் பாத்திர சோப்பும் அழுக்கை எடுக்கும் என்பது உண்மை. ஆனால் துணிப் பவுடரில் சோடா இருக்கிறது, காரம் அதிகம். தினமும் போட்டால் மெழுகுப் பூச்சு போய், மினுமினுப்பு மங்கும். பாத்திர சோப்பும் அந்த மெழுகை எடுத்துவிடும். மண்ணெண்ணெய், டீசல் போட்டால் அந்த நேரம் பளபளக்கும். ஆனால் ரப்பரைக் கெடுக்கும், தூசியும் வந்து ஒட்டும். கார் ஷாம்பு என்பது காரமும் அமிலமும் இல்லாத நடுநிலையான சோப்புதான்.

நம்மில் பலர் ஆசிட் சிலரி வாங்கி லிக்விட் சோப் போடுகிறோம். அதை கார் ஷாம்பு என்று விற்கும் முன் பி.எச். தாளில் சோதனை செய்யுங்கள். 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஆசிட் சிலரியும் காஸ்டிக் சோடாவும் தோலைச் சுடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கலக்காதீர்கள். சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால், வண்டியில் தானாகக் காயும்போது வெள்ளைப் புள்ளி விழும். சோப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. உடனே துடைக்க வேண்டும். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டதை நாம் மறக்கவில்லை. பைப்பைத் திறந்துவிடாமல் இரண்டு வாளி வைத்துக் கழுவச் சொல்லுங்கள். ஒன்றில் சோப்பு, மற்றதில் துணி அலச நல்ல தண்ணீர். தண்ணீரும் மிச்சம், கீறலும் குறையும்.

கடன் கேட்கும் முன்

1. யாருக்கு விற்கப் போகிறோம்? வாட்டர் சர்வீஸ் கடைக்கா, டிரைவர்களுக்கா, கம்பெனிக்கா என்று முடிவு செய்யுங்கள்.

2. கம்பெனி என்றால் எந்தத் துணி, என்ன அளவு, எது இருக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். பெயிண்ட் அடிக்கும் இடத்துக்குப் போகும் துணியில் பஞ்சு பறக்கக் கூடாது. சிலிக்கான் கலந்த பாலிஷ் பட்ட துணி கூடவே கூடாது. அது பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் குழி விழும்.

3. முதலில் பத்துத் துண்டு சாம்பிள் கொடுங்கள். பிறகு மூட்டை கட்டலாம்.

4. கட்டும் முன் இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். ஒரு காந்தத்தைத் துணி மேல் ஓட்டினால் இரும்பு சிக்கிவிடும்.

இப்போது எங்கள் குழுவில் அந்தக் காந்தம் கணக்கு நோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு கொக்கியால் ஒரு மூட்டையும் திரும்பி வரவில்லை. கடன் பணம் ஒருத்தியின் பணம் அல்ல, எல்லோருடைய வார சேமிப்பு. அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, உங்கள் ஊரில் யாருக்கு எந்தத் துணி தேவை என்று பேசுங்கள் சகோதரிகளே.